விலங்கு இல்லாத செய்முறை வகுப்பு: சிமுலேஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடலியங்கியல், மருந்தியல், விலங்கியல் செய்முறை வகுப்புகளில் தவளையும் எலியும் கினிப்பன்றியும் இருந்த இடத்துக்குக் கணினி வந்து சில காலம் ஆகிறது. வந்த பிறகும் கேள்விகள் ஓயவில்லை. மாணவர்கள் ஒரு விதமாகக் கேட்கிறார்கள், பெற்றோர் ஒரு விதமாக, சக ஆசிரியர்கள் சற்றுக் கோபமாகவே. இரண்டு முறையிலும் பல வருடம் வகுப்பெடுத்தவன் என்பதால், என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஆராய்ச்சிக்கும் மருந்துப் பரிசோதனைக்கும் விலங்குகளைப் பயன்படுத்துவது வேறு விவகாரம். இங்கே பேச்சு கற்பித்தலைப் பற்றி மட்டும்.

சிமுலேஷன் என்றால் என்ன? வீடியோ போட்டுக் காட்டுவதுதானே?

இல்லை. வீடியோவில் நீங்கள் என்ன செய்தாலும் தவளையின் இதயம் ஒரே மாதிரிதான் துடிக்கும். சிமுலேஷனில் நீங்கள் செய்வதற்கு ஏற்ப விடை மாற வேண்டும். மருந்தின் அளவைக் கூட்டினால் சுருக்கம் கூட வேண்டும். அளவுக்கு மீறிக் கூட்டினால் ஓர் உச்சத்தில் நின்றுவிட வேண்டும். தப்பாகச் செய்தால் தப்பான வரைபடம் வர வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அதைச் சிமுலேஷன் என்று சொல்லலாம். தமிழில் ‘கணினி உருவகப்படுத்துதல்’ என்று பாடநூல்களில் பார்த்திருப்பீர்கள். வகுப்பில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் நானும் சிமுலேஷன் என்றே எழுதுகிறேன்.

சந்தையில் ‘சிமுலேஷன்’ என்ற பெயரில் வரும் பலதும் அலங்கரித்த வீடியோதான் என்பது உண்மை. ‘அடுத்து’ பொத்தானை அழுத்த அழுத்த முடிவு வந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் சிமுலேஷனே உதவாது என்று முடிவு கட்டுகிறார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கோபம் போய்ச் சேரும் இடம்தான் தப்பு.

கணினிக்குள் நிஜமாக என்ன நடக்கிறது?

இரண்டு வகை உண்டு. முதல் வகையில், என்றோ செய்த உண்மையான சோதனையின் பதிவுகளைச் சேமித்து வைத்திருப்பார்கள். நீங்கள் ஒரு மருந்தைத் தேர்ந்தெடுத்தால் அதற்குரிய பதிவு திரையில் ஓடும். எதிர்பாராத எதையும் கேட்க முடியாது. கேட்டால் ‘இந்த வாய்ப்பு இல்லை’ என்று சொல்லிவிடும்.

இரண்டாம் வகையில் உள்ளே ஒரு கணித மாதிரி இருக்கிறது. இதற்கு மிக அழகான உதாரணம் நரம்பு. ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் பெரிய நரம்பிழையில் மின்னோட்டங்களை அளந்து, சோடியமும் பொட்டாசியமும் சவ்வைத் தாண்டிப் போவதை நான்கு வகைக்கெழுச் சமன்பாடுகளாக 1952-இல் வெளியிட்டார்கள். அந்தச் சமன்பாடுகளை வைத்து நரம்புத் துடிப்பின் வடிவத்தைக் கணக்கிட வேண்டிய நேரத்தில் கேம்பிரிட்ஜின் கணினி வேலையில் இல்லை. ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு படிப்படியாகப் போட்டுத் தீர்த்தார். காகிதத்தில் வந்த வளைவும் உண்மை நரம்பில் பதிவான வளைவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. 1963-இல் ஜான் எக்கிள்ஸுடன் சேர்த்து இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. 1960-இல் டெனிஸ் நோபிள் என்ற உடலியங்கியலாளர் இதே சமன்பாடுகளை, இதயத்துக்குள் மின்துடிப்பைக் கடத்தும் பர்கின்ஜி இழைகளுக்குப் பொருத்திக் கணினியில் ஓட்டினார். இன்றைய இதயச் சிமுலேஷன்கள் பலவற்றுக்கு அதுதான் கொள்ளுத்தாத்தா.

ஹக்ஸ்லி நாள்கணக்கில் கைப்பிடியைச் சுழற்றிச் செய்ததை இன்று முதலாமாண்டு மாணவி ஒரு நொடியில் செய்கிறாள். சிறிய மின்னோட்டம் கொடுக்கிறாள். சவ்வின் மின்னழுத்தம் கொஞ்சம் ஏறி, திரும்ப மைனஸ் 65 மில்லிவோல்ட்டுக்கே வந்து படுத்துவிடுகிறது. இன்னும் கொஞ்சம் கூட்டுகிறாள், ஒன்றுமில்லை. மேலும் ஒரு துளி கூட்டியதும் கோடு சட்டென்று பூஜ்யத்தைத் தாண்டி மேலே பாய்ந்து இறங்குகிறது. ‘எல்லாம் அல்லது ஒன்றுமில்லை’ விதியைப் பலகையில் நான் பத்து முறை எழுதியிருப்பேன். அந்தக் கோடு துள்ளும்போதுதான் அது மண்டையில் ஏறுகிறது. அப்புறம் இரண்டு துடிப்புகளை அடுத்தடுத்துக் கொடுத்து இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் இரண்டாவது துடிப்பு வருவதே இல்லை. வெளியில் இருக்கும் சோடியத்தைப் பாதியாக்கினால் உச்சத்தின் உயரம் குறைகிறது. ஹாட்ஜ்கினும் பெர்னார்ட் காட்ஸும் 1949-இல் உண்மையான நரம்பில் கண்டது இதைத்தான். தவளை நரம்பை வைத்து இதையெல்லாம் ஒரே மதியத்தில் செய்து காட்ட என்னால் ஒருபோதும் முடிந்ததில்லை.

மருந்துகளுக்கான சிமுலேஷனில் கணக்கு இன்னும் எளிது. ஏ. வி. ஹில் 1910-இல் ஹீமோகுளோபினுக்காக எழுதிய ஒரு சமன்பாடே பெரும்பாலும் போதும். உச்சப் பலன் எவ்வளவு, அதில் பாதிப் பலன் கிடைக்க எவ்வளவு செறிவு தேவை, வளைவு எவ்வளவு செங்குத்து என்ற மூன்று எண்களைக் கொடுத்துவிட்டால் ‘S’ வடிவ வளைவு பிறந்துவிடும்.

ஒரு வகுப்பு எப்படி இருக்கும்?

பழைய முறையை முதலில் சொல்கிறேன், அப்போதுதான் ஒப்பிட முடியும். கினிப்பன்றியைக் கொன்று, சிறுகுடலின் கடைப்பகுதியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டை எடுத்து, 37 டிகிரியில் வைத்த டைரோடு கரைசலில், அதாவது உடல் திரவத்தைப் போன்ற உப்புக் கரைசலில், தொங்கவிடுவோம். இதற்கு ஆர்கன் பாத் என்று பெயர். காற்று குமிழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். துண்டின் ஒரு முனையை நூலால் நெம்புகோலில் கட்டி, அது அசைவதைக் கைமோகிராஃப் என்ற கருவியின் சுழலும் டிரம்மில் பதிவு செய்வோம். வெட்டிக் கட்டி முடிப்பதற்கே பாதி வகுப்பு போய்விடும். துண்டு ஒத்துழைத்தால் நாலைந்து டோஸ் கிடைக்கும். பின் வரிசை மாணவர்கள் பார்ப்பது முன் வரிசை மாணவர்களின் முதுகை.

சிமுலேஷனில் அதே ஆர்கன் பாத் திரையில் இருக்கிறது. குடலைச் சுருங்க வைக்கும் ஹிஸ்டமின் ஒரு சிறு டோஸ் சேர்க்கிறார்கள். கோடு ஏறுகிறது. முப்பது விநாடி கழித்துக் கரைசலை மாற்றிக் கழுவ வேண்டும். கோடு பழைய இடத்துக்கு இறங்கும். அடுத்து இரட்டிப்பு டோஸ், பிறகு அதற்கும் இரட்டிப்பு. ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் உயரம் கூடாது. இப்போது ஹிஸ்டமினின் வேலையைத் தடுக்கும் மெபிரமின் சேர்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினால் முழு வளைவும் வலது பக்கம் நகர்ந்திருக்கும், உச்சம் மட்டும் அதே இடத்தில் இருக்கும். மெபிரமினுக்குப் பதில், ஹிஸ்டமினை அல்லாமல் அசிடைல்கோலினைத் தடுக்கும் அட்ரோபின் சேர்த்தால் ஹிஸ்டமினின் வளைவு இம்மியும் அசையாது.

ஒரு முறை ஒரு குழு கழுவ மறந்துவிட்டது. டோஸ்கள் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து, ‘இந்தக் குடல் எக்கச்சக்கமான உணர்திறன் கொண்டது’ என்று ரெக்கார்டில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த மென்பொருள் கழுவச் சொல்லி நினைவூட்டவும் இல்லை, தானாகக் கழுவிக்கொள்ளவும் இல்லை. அதனால்தான் அது எனக்குப் பிடித்த மென்பொருள். தப்பு எங்கே என்று அவர்களே தேடிக் கண்டுபிடிக்கப் பதினைந்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து பேரும் வாழ்நாளில் கழுவ மறக்க மாட்டார்கள்.

முழு விலங்கின் உடலில் நடப்பதையும் காட்ட முடியுமா?

முடியும். மயக்கத்தில் இருக்கும் விலங்கின் ரத்த அழுத்தச் சோதனைதான் இதில் பிரபலம். அட்ரினலின் கொடுத்தால் அழுத்தம் ஏறும். ஆல்ஃபா ஏற்பிகளை (அட்ரினலின் வந்து ஒட்டும் இடங்களில் ஒரு வகை) அடைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு மறுபடி அதே அட்ரினலினைக் கொடுத்தால் அழுத்தம் இறங்கும். ஹென்றி டேல் 1906-இல் எர்காட் பூஞ்சைச் சாற்றை வைத்துப் பூனையில் கண்ட விசித்திரம் இது. காரணம் தெளிவாக, ஆல்குவிஸ்ட் 1948-இல் ரத்தக்குழாயைச் சுருக்கும் ஆல்ஃபா, தளர்த்தும் பீட்டா என ஏற்பிகளை இரண்டாகப் பிரிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நான் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. ‘இப்போது அட்ரினலின் கொடுத்தால் என்ன ஆகும், எழுதி வையுங்கள்’ என்று மட்டும் சொல்வேன். ஏறக்குறைய எல்லோரும் ‘ஏறாது’ என்று எழுதுவார்கள். கோடு கீழே இறங்கும்போது வகுப்பில் எழும் சத்தத்தைக் கேட்க வேண்டும்.

உடல் முழுவதையும் சேர்த்துப் பார்க்கும் மாதிரிகளும் உண்டு. ஆர்தர் கைட்டனும் அவர் குழுவினரும் 1972-இல் ரத்த ஓட்டக் கட்டுப்பாட்டுக்கு ஒரு பிரம்மாண்டமான வரைபடம் போட்டார்கள். பார்த்தால் மின்சுற்று வரைபடம் போலவே இருக்கும். அதன் வழிவந்த ‘ஹம்மாட்’ என்ற மனித உடல் மாதிரியில் ஆயிரக்கணக்கான மாறிகள் இருக்கின்றன. உப்பைக் கூட்டிவிட்டு நாள்கணக்கில் சிறுநீரகம் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். எந்த விலங்கை வைத்தும் மூன்று மணி நேர வகுப்பில் இதைப் பார்க்க முடியாது.

எலி எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதற்கும் சிமுலேஷன் உண்டா?

உண்டு. உளவியல் மாணவர்களுக்கு ‘ஸ்னிஃபி’ என்ற கணினி எலி இருக்கிறது. நெம்பை அழுத்தினால் தீனி விழும் ஸ்கின்னர் பெட்டிக்குள் அது உலாவும். சரியான நொடியில் தீனி கொடுத்துக் கொடுத்துப் பழக்க வேண்டும். தாமதமாகக் கொடுத்தால் மூக்கைச் சொறியும் பழக்கத்தை வளர்த்துவிட்டிருப்பீர்கள்.

விலங்கைத் தொடாமல் படித்தால் அரைகுறைப் படிப்பு ஆகிவிடாதா?

எதைக் கற்க வந்தோம் என்பதைப் பொறுத்தது. அட்ரினலின் என்ன செய்யும், தசை எப்போது களைக்கும், நரம்பு எப்போது துடிக்கும் என்பவை கருத்துகள். கருத்துகளைப் பொறுத்தவரை, ஒரு குழுவுக்கு விலங்கும் இன்னொரு குழுவுக்கு மாற்றுமுறையும் கொடுத்துத் தேர்வு வைத்துப் பார்த்த ஒப்பீட்டு ஆய்வுகள் பல வந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றில் இரண்டு குழுக்களும் சமமாகவே மதிப்பெண் வாங்கியிருக்கின்றன. சிலவற்றில் மாற்றுமுறைக் குழு முந்தியிருக்கிறது. விலங்குக் குழு முந்திய ஆய்வுகளும் இல்லாமல் இல்லை. அந்த ஆய்வுகள் பலவும் அளந்தது எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணைத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். கைப்பழக்கத்தை அளந்தவை குறைவு.

என் சொந்தக் கருத்து இது. விடை ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத் திரும்பச் செய்து காட்ட, வருடா வருடம் ஓர் உயிரைக் கொல்வதற்கு இளநிலை வகுப்பில் நியாயம் சொல்ல முடியாது. நானும் அப்படி நியாயம் சொல்லிக்கொண்டு செய்தவன்தான். தவளையின் மூளையையும் தண்டுவடத்தையும் ஊசியால் சிதைப்பதைப் ‘பித்திங்’ என்போம். அதை எனக்குக் கற்றுத் தந்தவர்கள் சுத்தமாகச் செய்யக் கற்றுத் தந்தார்கள். முதல் முறை செய்யும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் சுத்தமாகச் செய்ய மாட்டார்கள். மேசையில் தவளை துள்ள, கை நடுங்க நின்ற பிள்ளை அன்று நரம்பைப் பற்றி என்ன கற்றிருக்கும்?

கைப்பழக்கம் என்ன ஆவது? நாளைக்கு அறுவை செய்ய வேண்டியவர்கள் ஆயிற்றே?

இது உண்மையான இழப்பு, மழுப்ப விரும்பவில்லை. ஈரமான திசு கத்திக்குக் கொடுக்கும் எதிர்ப்பை மவுஸ் கொடுக்காது. ஆனால் கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். வேதியியல் படிப்பவருக்கோ பள்ளி மாணவருக்கோ கினிப்பன்றிக் குடலைக் கட்டும் திறமை எங்கே பயன்படும்? கரைசலை நீர்க்கச் செய்வது, பிப்பெட் பிடிப்பது, நெம்புகோலைச் சமன் செய்வது போன்றவை எல்லோருக்கும் வேண்டும். அவற்றைச் சாயம் கலந்த தண்ணீரிலும் ரப்பர் பட்டையிலும் கற்கலாம். ஊசி போடவும் தையல் போடவும் செயற்கைத் தோல் மாதிரிகள் இருக்கின்றன. கால்நடை மருத்துவம் படிப்பவர்களுக்கு விலங்கைக் கையாளத் தெரிந்தே ஆக வேண்டும். அவர்கள் இயற்கையாக இறந்த விலங்குகளின் உடலிலும், பிறகு அனுபவசாலியின் மேற்பார்வையில் உண்மையான நோயாளி விலங்குகளிடமும் கற்கலாம். அங்கே விலங்குக்கும் நன்மை கிடைக்கிறது.

ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் ஒரு சிலரே. அவர்களுக்கு வேண்டிய பயிற்சியை அந்த நேரத்தில், அவர்களுக்கு மட்டும் தரலாம்.

உடற்கூறு கற்கத் தவளையை அறுத்துத்தானே ஆக வேண்டும்?

ஃபார்மலினில் ஊறிய தவளையை அறுத்தவர்களுக்குத் தெரியும்: உள்ளே எல்லாமே ஒரே சாம்பல் பழுப்பு. தமனி எது, சிரை எது என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. உறுப்புகள் ரப்பர் போல விறைத்திருக்கும். கண் எரியும், மூக்கு ஒழுகும். ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் எனப் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை வகைப்படுத்தியிருக்கிறது. முப்பரிமாண மென்பொருளில் அடுக்கடுக்காக நீக்கலாம், தப்பாக வெட்டினால் பழையபடி வைத்துவிட்டு மறுபடி வெட்டலாம், வெட்டாமலே சுற்றிப் பார்க்கலாம். கையால் தொட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் உறுப்புகளோடு வரும் செயற்கைத் தவளைகளும் இருக்கின்றன. குன்ட்டர் ஃபான் ஹாகன்ஸ் 1977-இல் கண்டுபிடித்த, திசுவின் நீரையும் கொழுப்பையும் எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக்கை நிரப்பும் பிளாஸ்டினேஷன் முறையில் பதப்படுத்திய ஓர் உறுப்பைப் பல வருடம் பல வகுப்புகள் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

ஒன்று மட்டும் குறை. ஒரு தவளைக்கும் இன்னொரு தவளைக்கும் உள்ளே இருக்கும் சின்னச் சின்ன வித்தியாசங்கள் மென்பொருளில் இருக்காது. அங்கே தவளை ஒன்றே ஒன்றுதான்.

அதைத்தான் கேட்கிறேன். கணினியில் எல்லா எலியும் ஒன்றுபோலவே நடந்துகொள்கிறதே?

சிமுலேஷனின் பெரிய பலவீனம் இது. என்னைக் கேட்டால், விலங்கு இல்லை என்பதைவிட இதற்குத்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். உண்மையான பரிசோதனையில் ஒரு துண்டு குடல் நன்றாகச் சுருங்கும், பக்கத்து மேசைத் துண்டு தூங்கும். மருந்தே சேர்க்காதபோதும் பதிவுக் கோடு நகரும். அந்தக் குழப்பத்துக்கு நடுவில் உண்மை எது என்று பிரித்தெடுப்பதுதான் அறிவியலின் பாதி. எப்போதும் அச்சுப் பிசகாத வளைவையே பார்த்துப் பழகிய மாணவர், முதல் முறை நிஜத் தரவைப் பார்த்ததும் ‘கருவி கெட்டுவிட்டது’ என்பார்.

நல்ல மென்பொருள்கள் இதை ஓரளவு சமாளிக்கின்றன. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே இருக்கும் எண்களைக் கொஞ்சம் மாற்றி, புதிய ‘விலங்கை’க் கொடுக்கும், பதிவில் இரைச்சலும் சேர்க்கும். அந்த வசதி இல்லாவிட்டால் நான் செய்வது இது: பழைய ரெக்கார்டுகளில் இருந்த உண்மையான, அசிங்கமான பதிவுகளை நகலெடுத்து வைத்திருக்கிறேன். மாணவர்கள் சிமுலேஷனில் வளைவு போட்டு முடித்ததும் அவற்றில் ஒன்றைக் கையில் கொடுத்து, ‘இதிலிருந்து பாதிப் பலன் செறிவைக் கண்டுபிடியுங்கள்’ என்பேன். முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

எல்லோருக்கும் ஒரே விடை வருகிறது, பார்த்து எழுதிவிடுகிறார்களே?

மேலே சொன்ன மாறும் எண்கள் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதிக்கு, பெயர் தெரியாத மருந்து ஒன்றைக் கொடுத்து எதுவென்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விடையைவிட, எந்தெந்தச் சோதனையை எந்த வரிசையில் செய்தார், ஏன் செய்தார் என்பதற்கு மதிப்பெண் போடுங்கள். ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: டிரம் காலத்திலும் பார்த்து எழுதினார்கள். ஒரே வளைவை மூன்று பேர் டிரேசிங் தாளில் படி எடுத்து ஒட்டியதை நானே பிடித்திருக்கிறேன்.

இந்த மாதிரிகளே விலங்குச் சோதனையிலிருந்து வந்தவைதானே? இது இரட்டை வேடம் இல்லையா?

வந்தவைதான். கணவாய் இல்லாமல் ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி சமன்பாடு இல்லை. பூனை இல்லாமல் டேலின் கண்டுபிடிப்பு இல்லை. ஓட்டோ லோவி 1921-இல் ஒரு தவளை இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னோர் இதயத்தில் விட்டு, நரம்பு வேதிப்பொருளால் பேசுகிறது என்று காட்டினார். அதற்கும் தவளைகள் செத்தன. இதை மாணவர்களிடம் மறைக்கக் கூடாது; வகுப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவேன். லோவி செய்தபோது விடை யாருக்கும் தெரியாது. நாம் செய்யும்போது விடை பாடநூலின் அதே பக்கத்தில் இருக்கிறது. முன்பே கொடுத்த விலையில் வாங்கிய அறிவைப் பயன்படுத்துவது இரட்டை வேடம் ஆகாது. அதே விலையை வருடா வருடம் மறுபடி கொடுப்பதுதான் விளங்காத காரியம்.

வில்லியம் ரஸ்ஸலும் ரெக்ஸ் பர்ச்சும் 1959-இல் முன்வைத்த மூன்று கொள்கைகளைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள்: விலங்குக்குப் பதில் வேறொன்றை வைப்பது, எண்ணிக்கையைக் குறைப்பது, வேதனையைக் குறைக்கும்படி முறையைத் திருத்துவது. ஆராய்ச்சியில் முதலாவது பல சமயம் கடினம். கற்பித்தலில் அதுதான் மூன்றிலும் எளிது.

சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 1960-ஆம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவே, மருத்துவப் பள்ளி, கல்லூரி போன்ற இடங்களில் புத்தகம், மாதிரி, திரைப்படம் போன்ற வேறு கற்பித்தல் சாதனங்கள் போதுமானவையாக இருந்தால் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. கணினி வகுப்பறைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே எழுதிய வரி அது. பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் விலங்கியல் படிப்புகளில் அறுப்பதைப் படிப்படியாகக் குறைக்க வழிகாட்டுதல் தந்து, 2014-இல் அதை இன்னும் இறுக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-ஆம் வருட உத்தரவு, மாற்று இருக்கும் இடத்தில் மாற்றைத்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறது. உயர்கல்விக்கும் தொழில் பயிற்சிக்கும் மட்டும் கட்டுப்பாட்டோடு இடம் விடுகிறது. நீங்கள் இருக்கும் இடத்தின் நடப்பு விதியை உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு மாணவர் ‘நான் விலங்கை வெட்ட மாட்டேன்’ என்றால்?

மாற்றுவேலை கொடுங்கள், மதிப்பெண்ணில் கை வைக்காதீர்கள். 1987-இல் கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளி மாணவி தவளையை வெட்ட மறுத்து நீதிமன்றம்வரை போனாள். அடுத்த வருடமே மாணவர்கள் மறுக்கும் உரிமை அந்த மாநிலத்தில் சட்டமானது. மறுக்கிற பிள்ளையைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்வதை ஆசிரியர் அறையில் நிறையக் கேட்டிருக்கிறேன். எல்லோருக்கும் முன்னால் மறுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

எந்த மென்பொருளை எடுப்பது?

தேடுவதற்கு ஒரு நல்ல இடம் ‘நொரினா’: கற்பித்தலில் விலங்குகளுக்கு மாற்றாக வந்தவற்றை நார்வேயில் 1991 முதல் பட்டியலிட்டு வருகிறார்கள். மருந்தியலுக்கு, புதுச்சேரி ஜிப்மரில் உருவான ‘எக்ஸ்ஃபார்ம்’, ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தில் உருவான ஆர்கன் பாத், ரத்த அழுத்தச் சிமுலேஷன்கள் ஆகியவை பலரும் பயன்படுத்துபவை. நரம்புக்கு ‘நியூரான்’ என்ற நிரலை ஆராய்ச்சியாளர்களே பயன்படுத்துகிறார்கள். தொடக்க மாணவருக்குச் சற்றுக் கனமான சாப்பாடு.

வாங்குமுன் பத்து நிமிடம் வேண்டுமென்றே தப்பாகப் பயன்படுத்திப் பாருங்கள். கழுவாமல் அடுத்த டோஸ் போடுங்கள். அபத்தமான அளவில் மருந்து கொடுங்கள். மருந்தின் வேலையைத் தடுக்கும் எதிர்மருந்தை முதலில் கொடுத்துவிட்டு மருந்தைப் பிறகு கொடுங்கள், பின் வரிசையை மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் உயிரியல்ரீதியாகப் பொருள் தரும் விடை வந்தால் எடுங்கள். தப்பு செய்யவே விடாமல் கையைப் பிடித்து நடத்துகிறது என்றால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். துள்ளும் எலியின் முப்பரிமாணப் படத்துக்கும் உள்ளே இருக்கும் மாதிரியின் தரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பழைய கணினிகள்தான் இருக்கின்றன, இணையமும் சரியாக இல்லை.

போதும். நல்ல மாதிரிகள் பலவும் மிகச் சிறிய நிரல்கள். இணையம் இல்லாமலே ஓடும். இரண்டு பேருக்கு ஒரு கணினி என்பது சொல்லப்போனால் ஆளுக்கு ஒன்றைவிட மேல். ஒருவரோடு ஒருவர் வாதாடுவார்கள். அதுவும் இல்லையென்றால் ஹில் சமன்பாட்டை விரிதாளில் மாணவர்களையே எழுத வையுங்கள். ஒரு மணி நேரத்தில் சொந்தச் சிமுலேஷன் தயார்.

கணினியும் வேண்டாம், விலங்கும் வேண்டாம். வேறு வழி?

மாணவர்களே இருக்கிறார்களே! தசைக் களைப்பைக் காட்டத் தவளையின் கெண்டைக்கால் எதற்கு? கைப்பிடி அழுத்தமானியை ஒருவர் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க, எண் குறைவதை மற்றவர் எழுதட்டும். ‘போதும், முடியவில்லை’ என்று அவர் சொல்லும்போது பக்கத்தில் நிற்பவர் சத்தம் போட்டு உற்சாகப்படுத்தினால் எண் சட்டென்று கொஞ்சம் ஏறும். களைத்தது தசையா மூளையா என்ற கேள்வி அந்த இடத்தில் தானாக எழும்; எந்தத் தவளையும் அந்தக் கேள்வியை எழுப்பாது. இதயத் துடிப்பு, மின் இதயப் பதிவு (ஈசிஜி), முழங்கால் அனிச்சை, பனிக்கட்டித் தண்ணீரில் கையை வைத்து ரத்த அழுத்தம் பார்ப்பது எல்லாம் இப்படித்தான். சம்மதம் கேட்டுக்கொள்ளுங்கள், இதயக் கோளாறு உள்ளவர்களை விட்டுவிடுங்கள்.

ஆய்வகத்தில் இருக்கும் கைமோகிராஃப், டிரம் எல்லாவற்றையும் என்ன செய்வது?

எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கார்ல் லுட்விக் 1847-இல் உருவாக்கிய கருவி அது. உடலின் அசைவைக் காலத்தோடு சேர்த்து முதன்முதலில் கோடாக எழுதியது. ஒன்றிரண்டை ஓடும் நிலையில் வைத்திருங்கள். குடலுக்குப் பதில் மெல்லிய ரப்பர் பட்டையைக் கட்டி, நெம்புகோலைச் சமன் செய்யவும், சின்ன எடைகளைத் தொங்கவிட்டு அளவுக்கோடு போடவும் பழக்குங்கள். நான் முதல் வகுப்பை அதில்தான் தொடங்குகிறேன். புகைக்கரி படிந்த தாளில் ஊசி கீறிக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்கு, அடுத்த வாரம் திரையில் ஓடும் கோடு எதைக் குறிக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதில்லை. கரி கையில் ஒட்டும், அதனால் வெள்ளை அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.